க்னோம் டெஸ்க்டாப்: நல்லதுதான், ஆனால் எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்களின் கதி?

லினக்ஸ் கணினியில் ஜன்னல்கள், மெனு, பணியிடங்கள் எல்லாவற்றையும் காட்டும் டெஸ்க்டாப்களில் ஒன்றான க்னோமுக்கு மாறலாமா என்று யார் கேட்டாலும் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு மாதம் எதையும் மாற்றாமல், எக்ஸ்டென்ஷன் (டெஸ்க்டாப்பில் புது வசதி சேர்க்கும் சிறு நிரல்) எதுவும் போடாமல், வந்தபடியே பயன்படுத்திப் பாருங்கள். பழகிவிட்டால் இவ்வளவு நிம்மதியான டெஸ்க்டாப் லினக்ஸில் வேறு கிடைப்பது கஷ்டம். பழகவில்லை என்றால் இதை வளைத்து நமக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்ளலாம் என்று வருடக்கணக்கில் மல்லுக்கட்டாமல் கேடிஇ என்ற இன்னொரு டெஸ்க்டாப் பக்கம் போய்விடுங்கள். நான் மல்லுக்கட்டிய ஆள். பிடிக்காத ஒரு விஷயத்தைச் சரிசெய்ய நானே ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் எழுதி, அதைப் பல பேர் பயன்படுத்தத் தொடங்கி, சில வருடம் அதைக் கட்டிக் காத்தவன். அதனால் இந்த விமர்சனத்தில் பாதி டெஸ்க்டாப்பைப் பற்றி, பாதி அதைச் சுற்றி நடக்கும் சண்டையைப் பற்றி.

முதலில் நல்லது. சூப்பர் விசையை (விண்டோஸ் சின்னம் உள்ள விசை) ஒருமுறை தட்டினால் திறந்திருக்கும் ஜன்னல்கள் எல்லாம் கண்முன் விரிகின்றன, அப்படியே தட்டச்சு செய்தால் செயலியோ கோப்போ வந்து நிற்கிறது. 2021-ல் வந்த 40-ஆம் பதிப்பிலிருந்து டச்பேடில் மூன்று விரலை நகர்த்தி ஒரு பணியிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவது அவ்வளவு இயல்பாக இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த 48-இல் திரைக்காட்சிகளை முன்கூட்டியே வரைந்து வைக்கும் ட்ரிபிள் பஃபரிங் சேர்ந்தபின் வேகம் குறைந்த கிராஃபிக்ஸ் உள்ள கணினிகளிலும் அசைவுகள் திக்கித் திணறுவது குறைந்திருக்கிறது. செட்டிங்ஸ் பக்கம் சுத்தமாக இருக்கிறது, தேடியது தேடிய இடத்தில் கிடைக்கிறது.

இப்போது சண்டைக்கு வருவோம். 2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தபோது ஜன்னலைச் சுருக்கும் பொத்தான் இல்லை, கீழே டாஸ்க்பார் இல்லை. கணினியை அணைக்க வேண்டுமென்றால் மெனுவைத் திறந்து ஆல்ட் விசையை அழுத்திப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் சஸ்பெண்ட் இருந்த இடத்தில் பவர் ஆஃப் தெரியும். இதை யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பழைய க்னோம் 2-ஐ விடமாட்டோம் என்றவர்கள் அதன் நிரலை எடுத்து மாட்டே என்று தனியாக வளர்த்தார்கள். லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையின் குழு சின்னமன் என்ற டெஸ்க்டாப்பை உருவாக்கியது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே வெளிப்படையாகத் திட்டிவிட்டு வேறு டெஸ்க்டாப்புக்குப் போனார், பிறகு சில எக்ஸ்டென்ஷன்களின் புண்ணியத்தில் திரும்பி வந்தார்.

டெவலப்பர்கள் பிடிவாதக்காரர்கள், யார் பேச்சையும் கேட்பதில்லை என்று பயனர்கள் சொல்வதை நான் முழுதாக ஏற்கவில்லை. 2002-லேயே ஹாவொக் பென்னிங்டன் என்ற க்னோம் டெவலப்பர் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கான காரணம் இருக்கிறது: சேர்க்கும் ஒவ்வொரு விருப்பத்தேர்வுக்கும் ஒரு விலை உண்டு. பத்து விருப்பத்தேர்வு இருந்தால், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டே நிலை என்றாலும், மொத்தம் 1024 விதமான க்னோம் ஆகிவிடும், அத்தனையையும் யார் சோதித்துப் பார்ப்பது? பொத்தானைக் கேட்கிறவருக்கு அது ஒரு பொத்தான், பராமரிப்பவருக்கு அது பல வருடச் சுமை. அப்புறம் ஆள் பலம். கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் படங்களின் சிறு உருவம் வரிசையாகத் தெரிய வேண்டும் என்று 2004-ல் ஒருவர் கேட்டார். அது வந்தது 2023 மார்ச்சில், 44-ஆம் பதிப்பில். பதினெட்டு வருடத்துக்கும் மேல்! இதை அலட்சியம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் அந்தப் பெட்டியின் உள்கட்டமைப்பையே மாற்றாமல் அதைச் சேர்ப்பது கடினம், அந்த வேலையை எடுத்துச் செய்ய ஆள் அமையவில்லை என்பதும் உண்மை. 2023-ல் ஜெர்மனியின் சாவரின் டெக் ஃபண்ட் என்ற அரசு நிதியம் 10 லட்சம் யூரோ கொடுத்தபின் அணுகல்தன்மை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த உதவும் வசதிகள்) போன்ற, யாரும் இலவசமாகக் கைவைக்கத் தயங்கும் வேலைகள் நகரத் தொடங்கின.

ஆகவே முடியாது என்று அவர்கள் சொல்வதில் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு வருத்தம் வேறு இடத்தில்.

ஏதாவது வேண்டும் என்று கேட்டால் க்னோம் வட்டாரத்தில் அடிக்கடி கிடைக்கும் பதில், அதற்கு எக்ஸ்டென்ஷன் இருக்கிறதே என்பது. டாக் (செயலி ஐகான்கள் வரிசையாக நிற்கும் பட்டை) வேண்டுமா, எக்ஸ்டென்ஷன். 2017-ல் எடுத்துவிட்ட சிஸ்டம் ட்ரே (பின்னணியில் ஓடும் செயலிகளின் ஐகான்கள் இருக்கும் இடம்) வேண்டுமா, அதற்கும் எக்ஸ்டென்ஷன். க்னோமைப் பயன்படுத்தும் உபுண்டு லினக்ஸே டாக், ட்ரே ஐகான், டெஸ்க்டாப் ஐகான் எல்லாவற்றையும் எக்ஸ்டென்ஷனாகப் போட்டுத்தான் மக்கள் கையில் கொடுக்கிறது. ஆனால் இந்த எக்ஸ்டென்ஷன்களுக்கென்று நிலையான ஏபிஐ (வெளி நிரல்கள் வந்து பேசுவதற்கான வரையறுத்த வழி) கிடையாது. அவை க்னோமின் திரையை இயக்கும் க்னோம் ஷெல்லின் உள்ளே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குள்ளேயே நேராகக் கைவிட்டு மாற்றுகின்றன. அதனால்தான் அவற்றால் எதையும் செய்ய முடிகிறது, அதனால்தான் மார்ச், செப்டம்பர் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும்போது அவை உடைகின்றன. 2023 செப்டம்பரில் வந்த 45-இல் மாட்யூல்களை (நிரலின் துண்டுகளை) இறக்குமதி செய்யும் முறையே மாறியது. இருந்த எல்லா எக்ஸ்டென்ஷன்களையும் திருத்த வேண்டியிருந்தது, அப்படித் திருத்திய கோப்பு பழைய 44-இல் ஓடாது. முன்கூட்டியே அறிவித்தார்கள், எப்படி மாற்றுவது என்று வழிகாட்டியும் எழுதினார்கள், அதை மறைக்கக் கூடாது. மாற்றமும் தேவையான மாற்றம்தான். ஆனால் அந்த மாற்றத்தின் கூலியைக் கொடுத்தது யார்? சம்பளம் இல்லாமல் இரவில் உட்கார்ந்து எக்ஸ்டென்ஷன் எழுதுகிறவர்கள்.

அந்த வாரங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. எப்போது சரியாகும், எப்போது சரியாகும் என்று தினமும் செய்திகள். ஒருவர், என் வேலையே இதை நம்பித்தான் இருக்கிறது, பொறுப்பில்லாதவர்கள் ஏன் இதையெல்லாம் வெளியிடுகிறீர்கள் என்று எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் கணினியைத் திறக்கவே மனம் வரவில்லை. அதே நேரத்தில் இன்னொருவர், நிரல் எழுதத் தெரியாதவர், நான் அனுப்பும் ஒவ்வொரு திருத்தத்தையும் தன் கணினியில் போட்டுப் பார்த்து, என்ன பிழை வந்தது என்று வரிக்கு வரி எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். என்னிடம் இரண்டாவது மானிட்டர் கிடையாது, அவரிடம் இருந்தது, பாதிப் பிழைகள் அங்கேதான் வந்தன. அவர் இல்லாவிட்டால் நான் அப்போதே விட்டிருப்பேன்.

எக்ஸ்டென்ஷன்தான் பதில் என்றால் அதற்கு ஒரு அடித்தளம் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் வேண்டாம். மேல்பட்டையில் ஒரு ஐகான் வைப்பது, ஒரு மெனு சேர்ப்பது, டாக்கைக் காட்டுவது, இந்த மூன்று நான்கு வேலைக்காவது சில வருடம் மாறாத ஒரு ஏபிஐ இருந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். அது முடியாது என்றால், எக்ஸ்டென்ஷன் இருக்கிறதே என்று பயனரை அனுப்பிவைப்பதையாவது நிறுத்த வேண்டும். அனுப்பும்போது அது க்னோமின் பதில் போலத் தெரிகிறது, உடையும்போது யாரோ ஒருவரின் தவறாகிவிடுகிறது.

வாங்குகிற பொருள் இல்லை என்பதால் மதிப்பெண் போடத் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் வந்தபடியே பயன்படுத்துகிறவர்களுக்கு ஐந்துக்கு நாலரை. ஐந்தாறு எக்ஸ்டென்ஷன் இல்லாமல் முடியாது என்கிறவர்களுக்கு மூன்று. அப்படிப்பட்டவர் என்றால் புதிய பதிப்பு வந்ததும் பாயாதீர்கள், ஒன்றிரண்டு மாதம் பொறுங்கள், உங்கள் எக்ஸ்டென்ஷன்கள் எந்தப் பதிப்பு வரை ஓடும் என்று அவற்றின் பக்கத்தில் பார்த்துவிட்டு மாறுங்கள். ஃபெடோரா லினக்ஸில் புதிய க்னோம் சீக்கிரம் வந்துவிடும், நீண்ட கால ஆதரவு உள்ள உபுண்டு எல்டிஎஸ் போட்டால் இரண்டு வருடம் ஒரே க்னோமில் நிம்மதியாக இருக்கலாம்.

என் எக்ஸ்டென்ஷன் இப்போது என்னிடம் இல்லை. அந்த இரண்டாவது மானிட்டர்காரர் மெல்ல மெல்ல ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொண்டு அதை எடுத்துக்கொண்டார். நான் மற்ற எல்லாவற்றையும் நீக்கிவிட்டு அது ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன், ஒவ்வொரு பீட்டா வந்ததும் போட்டுப் பார்த்து என்ன உடைந்தது என்று அவருக்கு எழுதி அனுப்புகிறேன்.