எம்10 மரைக்கு ராடு எத்தனை மில்லி?

சிங்கப்பூரில் துவாஸ், ஜூ கூன் பக்கப் பட்டறைகளில் புதிதாக லேத்தில் நிற்கும் தம்பிகள் எம்10, அதாவது பத்து மில்லி மரை, என்றதும் பத்து மில்லி ராடை எடுத்து நேராக மரை வெட்டத் தொடங்குவார்கள். வேலை குறைவுதான். ஆனால் போல்ட் மரைக்கு வழக்கமான 6ஜி அளவு வரம்பில் எம்10×1.5 (1.5 என்பது பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு மரைகளுக்கு இடையிலான தூரம்) போல்ட்டின் வெளிவிட்டம் 9.732 முதல் 9.968 வரைதான் இருக்கலாம். ஹெச்9 என்ற அளவு வரம்பில் வரும் பிரைட் பாரோ (பளபளப்பாக இழுத்த ராடு) 9.964-க்கும் 10.000-க்கும் இடையில் இருக்கும். அதாவது பெரும்பாலும் வரம்பைத் தாண்டியே நிற்கும். வெட்டும்போது மரை முனையில் பர் (பிசிறு) எழும்பினால் நட் இன்னும் இறுகும்.

அடுத்த வழி, பிட்ச்சில் பத்தில் ஒரு பங்கைக் கழிப்பது. எம்10-க்கு 0.15 போக 9.85. எம்8-க்கு 7.875, எம்12-க்கு 11.825. மூன்றும் வரம்பின் நடுவில் விழுகின்றன. ஒற்றை டூலில் வெட்டுபவருக்கு நான் சொல்வது இதைத்தான். அட்டவணை தேவையில்லை, மனக்கணக்கே போதும். முனையில் இவ்வளவு குறைந்தால் பலம் போய்விடாதா என்றால், போகாது. சுமையைத் தாங்குவது பக்கச் சரிவுகள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எம்10-இன் முழு அளவான பத்து மில்லியிலிருந்து மரையின் ஆழம் ஒரு பக்கத்துக்கு 0.92 மில்லி. 9.85 ராடில் டூலைத் தொட்டு டயலைச் சுழியம் ஆக்கினால், 0.845 இறக்கினாலே போதும். பழக்கத்தில் 0.92 இறக்கிவிட்டால் நட் ஆடும்.

முழு வடிவ இன்சர்ட் (மரையின் முனையையும் உருவாக்கும் வெட்டு முனை) என்றால் கணக்கே வேறு. அது முனையையும் சேர்த்தே சீவும், அதனால் ராடைச் சற்றுப் பெரிதாகவே விட வேண்டும்.

டையில் (வெளி மரை வெட்டும் வளைய வெட்டி) அடிப்பவர்கள் கழிக்கும் அளவை இன்னும் கொஞ்சம் கூட்டலாம், எம்10-க்கு ராடு 9.8 வரை. டை உலோகத்தை வெட்டுவதோடு கொஞ்சம் பிதுக்கவும் செய்யும். 316 ஸ்டெயின்லெஸ்ஸில் பெரிய ராடைத் திணித்தால் டைதான் முதலில் போகும்.

மரை உருட்டுவது தனி உலகம். அங்கே உலோகம் வெட்டுப்படாமல் மேலே எழும்புகிறது, ஆகவே ராடு பிட்ச் விட்டத்தை (மரையின் பல்லும் பள்ளமும் சம அகலமாக இருக்கும் இடத்து விட்டம்) ஒட்டி, எம்10-க்கு ஒன்பதுக்குப் பக்கத்தில் இருக்கும். லேத்காரர் மரை உருட்டும் அட்டவணையைப் பார்த்து ராடு எடுத்தால் அரைகுறை மரைதான் கிடைக்கும்.

6ஜி வரம்பு அட்டவணையை முழுதாகப் பின்பற்றுவது எப்போது? வாடிக்கையாளர் அளவுச் சான்று கேட்டால். அப்போதும் ரிங் கேஜ் (மரையைச் சோதிக்கும் வளையம்) ஏறினால் மட்டும் போதாது, வெளிவிட்டத்தை மைக்ரோமீட்டரில் தனியே பார்க்க வேண்டும்.

அப்புறம் அங்குல வேலை. அரை அங்குல யுஎன்சி (அமெரிக்க அங்குல மரை) போல்ட்டுக்கு 12.7 மில்லியிலிருந்து இதே கழித்தல், 12.5 வரும். ஆனால் அரை அங்குல பிஎஸ்பி (பிரிட்டிஷ் அளவு) குழாய் மரை என்று ஆர்டர் வந்தால் 12.7-ஐத் தொடாதீர்கள். அதன் வெளிவிட்டம் 20.955, மரையின் கோணமும் 60 டிகிரி அல்ல, 55.