கடலோர வீட்டில் ஓடிஜி ஓவன்: பல வருடப் புழக்கத்துக்குப் பிறகு

எங்கள் வீட்டு ஓடிஜி (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சார அடுப்பு) 28 லிட்டர், 1500 வாட். கேக், பன், பனீர் டிக்கா, தந்தூரி சிக்கன், மழைக்காலத்தில் நமுத்துப்போன முறுக்கை மறுபடி மொறுமொறுப்பாக்குவது எல்லாமே இதில்தான். வருடங்கள் பல ஆகியும் இன்னும் சூடேற்றும் ராட் மாற்றவில்லை, உள்சுவரில் துருவும் இல்லை. சென்னை திருவான்மியூர் உப்புக்காற்றில் ஓர் இரும்புச் சாமான் இப்படி இருப்பது பெரிய விஷயம் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் உள்சுவர். நம் கடைகளில் கிடைக்கும் ஓடிஜிக்களில் பெரும்பாலும் துத்தநாகமோ அலுமினியமோ பூசிய தகடுதான் உள்ளே இருக்கும். வெளிநாட்டு வீடியோக்களில் காட்டுகிற பெரிய ஓவன்களுக்கு எனாமல் பூச்சு. காஸ்டிக் சோடா கலந்த ஓவன் க்ளீனரை அது தாங்கும். நம்முடையது தாங்காது. பூச்சை அரித்துவிடும், அடுத்த மழைக்காலத்தில் அந்த இடத்தில் துரு ஏறும். கம்பி நாரும் வேண்டாம். தகட்டைக் கீறுவது போதாதென்று, உதிர்ந்த இழை ராடின் முனையில் போய் மாட்டினால் ஷார்ட் ஆகும்.

நான் செய்வதெல்லாம் தினப்படி வேலைதான். சமைத்து முடித்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டுப் பிழிந்த துணியால் துடைப்பேன். அந்தச் சூட்டில் கொழுப்பு இளகியிருக்கும், ஒரே இழுப்பில் வந்துவிடும். துடைக்காமல் மறுபடி 200 டிகிரிக்கு ஏற்றினால் எண்ணெய் இறுகி வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஓவன் போடும்போதெல்லாம் புகைதான். வெனிலா கேக்கில் சிக்கன் மசாலா வாடை அடிக்கும். கீழே இருக்கும் தூள் ட்ரேயையும் அன்றன்றே தட்டிவிட வேண்டும். விட்டால் எறும்பு வரும், பின்னாலேயே கரப்பான் வந்து, சூடு வைக்கும் திருகுகளுக்குப் பின்னால் ஒயர் இருக்கும் இடத்தில் குடியேறிவிடும்.

கண்ணாடிக் கதவின் பழுப்புக் கறைக்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து இரவு பூசி, காலையில் துடைக்கிறேன். கண்ணாடிக்கு மட்டும்தான் இது. அலுமினியப் பூச்சில் படிந்தால் கறுத்துவிடும். சோடாவோடு வினிகரும் கலக்கச் சொல்வார்கள். நுரை நன்றாகப் பொங்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு போய்விடுவதால் கறைக்கு ஒன்றும் ஆகாது. சூடான கண்ணாடியில் ஈரத்துணி படவே கூடாது. விரிசல் விடும்.

கடலோரத்தில் இருப்பவர்கள் ராட் விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். ராடுக்குள் சுருள்கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருக்கும். அது ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாரக்கணக்கில் ஓவனைத் தொடாமல் வைத்திருந்து ஒருநாள் போட்டால், மின்கசிவு ஏற்பட்டு வீட்டு மெயினில் இருக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) டிரிப் ஆகிவிடும். ஓவன் போய்விட்டது என்று பலர் தூக்கிப் போடுவது இந்தக் கட்டத்தில்தான். பல சமயம் ஈரம் காய்ந்தாலே சரியாகிவிடும். அதற்காக டிரிப் ஆகும் சுவிட்சை பைபாஸ் செய்து ஓட்டிப் பார்க்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்துவிடுங்கள். இது வராமலிருக்க, மழை மாதங்களில் வாரம் ஒருமுறை 150 டிகிரியில் கால் மணி நேரம் காலியாக ஓட்டுகிறேன். ராடுகளை ஈரத்துணியால் துடைப்பதே இல்லை.

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டில் மட்டும் எனக்குத் திருப்தி இல்லை. திருகில் 180 வைத்தால் உள்ளே 165தான் இருக்கிறது. நடுத்தட்டில் ஓவன் தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, அதைப் பார்த்துத்தான் வைக்கிறேன். கதவு ஒற்றைக் கண்ணாடி என்பதால் வெளிப்பக்கமும் சுடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய குறை.

பிளக் விஷயமும் முக்கியம். 230 வோல்ட்டில் 1500 வாட் என்றால் 6.5 ஆம்பியர் இழுக்கும். மிக்ஸி போடும் 6 ஆம்பியர் பாயிண்ட் இதற்கு ஆகாது. 16 ஆம்பியர் பவர் பாயிண்டில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம்.

புதிதாக வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே கதவைத் திறந்து, தூள் ட்ரே முழுசாக வெளியே வருகிறதா என்று இழுத்துப் பாருங்கள். கீழ் ராடுக்கு அடியில் துணி சுற்றிய விரல் நுழையவில்லை என்றால் அந்த மாடலே வேண்டாம்.