டாட்ஜ் சிட்டியா, பாண்டரோசாவா?

பழைய அமெரிக்கக் கௌபாய் தொடர்களில் எதைப் பார்ப்பது என்று பேச ஆரம்பித்தால், பேச்சு கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கும்: கன்ஸ்மோக், பொனான்ஸா. சிபிஎஸ் டிவியில் 1955 முதல் 1975 வரை ஓடிய கன்ஸ்மோக் 20 சீசன், 635 எபிசோடு. என்பிசியின் பொனான்ஸா 1959 முதல் 1973 வரை 14 சீசன், 431 எபிசோடு. முன்னது 1957 முதல் 1961 வரையும் பின்னது 1964 முதல் 1967 வரையும் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தவை. குதிரையும் தொப்பியும் துப்பாக்கியும் இரண்டிலும் உண்டு. ஆனால் கன்ஸ்மோக் ஒரு ஊரின் கதை, பொனான்ஸா ஒரு வீட்டின் கதை. மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

கன்ஸ்மோக்கின் ஊர் கான்சஸின் டாட்ஜ் சிட்டி. ஊரின் சட்டக் காவலரான மார்ஷல் மேட் டில்லன், டாக்டர் ஆடம்ஸ், சலூன் என்ற மதுக்கடையை நடத்தும் மிஸ் கிட்டி, மார்ஷலின் உதவியாள் செஸ்டர். ரத்த உறவு என்று யாருக்கும் யாரும் இல்லை. 1952இல் வானொலியில் தொடங்கியபோது டில்லனுக்குக் குரல் கொடுத்தவர் வில்லியம் கான்ராட். அருமையான குரல், ஆனால் ஆள் பருமன். டிவிக்கு வந்தபோது வேடம் ஆறடி ஏழங்குல ஜேம்ஸ் ஆர்னஸிடம் போனது. முதல் எபிசோடின் தொடக்கத்தில் திரையில் வந்து இந்தத் தொடரை அறிமுகம் செய்துவைத்தவர் ஜான் வெய்ன்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கதையில் காலை விறைப்பாக இழுத்து நடப்பவர் செஸ்டர். அது டென்னிஸ் வீவரின் நடிப்பு. அவர் கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. நிஜத்தில் காலில் காயம் பட்டவர் ஆர்னஸ். 1944இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் வலது காலில் குண்டு வாங்கியவர். அந்த வலியோடுதான் இருபது வருஷம் டாட்ஜ் சிட்டி தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

1961 வரை வந்த அரைமணிநேரக் கறுப்பு வெள்ளை எபிசோடுகள்தான் கன்ஸ்மோக்கின் உச்சம் என்பேன். ஆரம்ப சீசன்களில் பல கதைகள் பூட் ஹில் இடுகாட்டில், மார்ஷல் தனக்குத்தானே பேசுவதில் தொடங்கும். அங்கிருந்து நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். சட்டம் எப்போதும் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. சில கதைகளில் எல்லாம் முடிந்தபின் மார்ஷலுக்குச் செய்ய ஒன்றுமே மிஞ்சாது. ஆர்னஸ் அப்போது வசனம் பேசமாட்டார், சும்மா நிற்பார். அந்த நிற்றலுக்காகவே அவரைப் பிடிக்கும். உணர்ச்சியை மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, கேட்பதை மட்டும் தன் வேலையாக வைத்துக்கொண்ட கதாநாயகன். மில்பர்ன் ஸ்டோனின் டாக்டர் முணுமுணுப்பதற்கும், அமாண்டா பிளேக்கின் கிட்டி ஒரு பார்வையில் பாதிக் கதையைச் சொல்வதற்கும் அதனால்தான் இடம் கிடைத்தது. மேட்டுக்கும் கிட்டிக்கும் நடுவில் என்ன என்று தொடர் கடைசிவரை உடைத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஐந்தாவது வருஷமே சுவாரஸ்யம் போயிருக்கும்.

பொனான்ஸாவின் குணம் வேறு. நெவாடாவில் டாஹோ ஏரிக்கரையில் பாண்டரோசா என்ற பெரும் பண்ணை. பென் கார்ட்ரைட், மூன்று முறை மனைவியை இழந்தவர். மூன்று மனைவியருக்கும் ஒவ்வொரு மகன். என்பிசியின் தாய்க் கம்பெனி ஆர்சிஏ கலர் டிவி விற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஆகவே முதல் நாளிலிருந்தே கலர். கன்ஸ்மோக் கலருக்கு மாறியது 1966இல்தான். ஏரியையும் பைன் மரங்களையும் காட்டி டிவி பெட்டி விற்ற தொடர் என்று கேலி பேசலாம். ஆனால் அந்த நால்வரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் சீண்டும்போது கேலி மறந்துவிடும்.

அப்பாவாக நடித்த லார்ன் கிரீனுக்கு, மூத்த மகன்களாக வந்த பெர்னல் ராபர்ட்ஸையும் டான் பிளாக்கரையும்விட 13 வயதுதான் அதிகம். ராபர்ட்ஸுக்கு இது உறுத்திக்கொண்டே இருந்தது. வளர்ந்த ஆம்பிளை எதற்கெடுத்தாலும் அப்பாவிடம் அனுமதி கேட்பதா என்று குறைப்பட்டவர், 1965இல் விலகினார். எனக்கு அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. மகன்களுக்குக் கல்யாணமும் லேசில் ஆகாது. காதலிக்கும் பெண் எபிசோடு முடிவதற்குள் செத்துப்போவாள், இல்லையென்றால் ஊரைவிட்டுப் போவாள். ரசிகர்கள் இதற்குக் ‘கார்ட்ரைட் சாபம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சீனச் சமையல்காரர் ஹாப் சிங்கைப் பெரும்பாலும் சிரிப்புக்கே பயன்படுத்திய விதம் இன்று பார்க்கக் கூசுகிறது. விக்டர் சென் யங் திறமையான நடிகர். அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் கோபித்துக் கத்தும் காட்சிகள்.

நடிகர்கள் விலகியபோதுதான் ஊருக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. 1964இல் வீவர் போனார். அந்த இடத்தில் கென் கர்ட்டிஸின் ஃபெஸ்டஸ் வந்து டாக்டரோடு மல்லுக்கட்ட, தொடர் இன்னும் கலகலப்பானது. பர்ட் ரெனால்ட்ஸ் கொல்லராக மூன்று வருஷம் இருந்துவிட்டுப் போனார். 1967இல் சிபிஎஸ்ஸே கன்ஸ்மோக்கை நிறுத்த முடிவெடுத்தது. நிறுவனத் தலைவர் வில்லியம் பேலி குறுக்கிட்டு, திங்கட்கிழமைக்கு மாற்றி உயிர் கொடுத்தார். மறுபடி முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. கடைசி சீசனில் கிட்டியே இல்லை, அப்போதும் ஓடியது. ஊர் என்றால் வருவதும் போவதும் சகஜம்.

ராபர்ட்ஸ் போனதைப் பொனான்ஸாவும் தாங்கியது, முதலிடத்தைக்கூட இழக்கவில்லை. ஆனால் 1972 மே மாதம், ஹாஸாக நடித்த டான் பிளாக்கர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு 43 வயதில் இறந்துபோனார். கொரியப் போருக்குப் போய்வந்து, ஆசிரியராக இருந்து, நடிக்க வந்த மனிதர். அந்தப் பெரிய உடம்பும் குழந்தைச் சிரிப்பும்தான் அந்த வீட்டின் மையம். ஹாஸுக்குக் கல்யாணம் என்று, கடைசி மகன் லிட்டில் ஜோவாக நடித்த மைக்கேல் லேண்டன் எழுதியிருந்த கதையை, லிட்டில் ஜோவுக்கு என்று மாற்றி அவரே நடித்து இயக்கினார். ஒளிபரப்பு நாளும் ஞாயிறிலிருந்து செவ்வாய்க்குப் போயிருந்தது. 1973 ஜனவரியில் சீசன் நடுவிலேயே தொடர் முடிந்தது.

ஆகவே என் ஓட்டு கன்ஸ்மோக்குக்கு, அதிலும் முதல் ஆறு சீசன்களுக்கு. இரவில் ஒரு எபிசோடு போதும். அடுக்கிப் பார்த்தால் கனம் ஏறிவிடும். வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்க்கவேண்டுமென்றால் பொனான்ஸாவில் ஹாஸ் மாட்டிக்கொண்டு முழிக்கும் நகைச்சுவைக் கதைகளை எடுங்கள். ஒரு எச்சரிக்கை: பொனான்ஸாவின் முதல் இரண்டு சீசன்களில் சில எபிசோடுகள் காப்புரிமை இழந்தவை என்பதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பலவும் வெளிறிப்போன பிரதிகள், அந்தப் புகழ்பெற்ற தொடக்க இசையும் மாற்றப்பட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு இதற்கா இவ்வளவு பேச்சு என்று முடிவுகட்டாதீர்கள். நல்ல பிரதியாகத் தேடிப் பிடியுங்கள்.