அக்டோபரில் எதை நடலாம்: துலிப்பா, பூண்டா?

டொராண்டோவில் அக்டோபர் இரண்டாம் திங்கள் நன்றி நவிலல் விடுமுறை. பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போதே நட்டுவிட்டால், அப்புறம் கிறிஸ்துமஸ் வேலைகளை நிம்மதியாகப் பார்க்கலாம்.

துலிப் கிழங்குக்கு 15 செ.மீ. ஆழம் வேண்டும். மே மாதம் பூக்கும், அழகுதான். ஆனால் அணில்கள் தோண்டித் தின்றுவிடும். கம்பிவலை போட்டே ஆக வேண்டும்.

பூண்டை அணில் பெரும்பாலும் சீண்டாது. பல்லை உரிக்காமல், கூர்நுனி மேலே பார்க்க, 5 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் போதும். சின்னப் பிள்ளையே செய்துவிடும். கூட்டிய மேப்பிள் இலைகளைப் பொடித்து மேலே போர்த்தலாம். தண்டு விடும் வகையாக வாங்கினால், ஜூனில் இளந்தண்டை நறுக்கித் தேங்காய் துருவிப் பொரியல் செய்யலாம். ஜூலையில் பூண்டு கிடைக்கும், மறு நடவுக்கு விதையும் அதிலேயே. ஒரு பாத்திதான் இடமென்றால் பூண்டையே நடுங்கள்.