கணக்குக் கட்டைப் பெட்டியோடு நான்கு வருடம்

போன கிழமை சாவகச்சேரியிலிருந்து மச்சாள் கோல் எடுத்தா. "ரவுணில அந்தக் கணக்குக் கட்டைப் பெட்டி விலை குறைச்சுப் போட்டிருக்கிறாங்கள். இவன் தரம் ரெண்டு. வாங்கட்டோ?" என்று கேட்டா. "வேண்டாம், காசைக் கரியாக்காதேங்கோ" என்று உடனே சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு மனம் கேட்கவில்லை. நான்கு வருடமாக அதே மாதிரிப் பெட்டியை வைத்துத்தான் பின்னேரங்களில் எங்கள் கொக்குவில் வீட்டு விறாந்தையில் அயலட்டைப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு சொல்லில் வேண்டாம் என்று தள்ளக்கூடிய சாமான் இல்லை அது. ஆனால் அந்த ஒரு சொல் ஏன் வாயில் முதலில் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் எழுதிவிடுகிறேன்.

பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று வாங்க நினைப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 121 துண்டு. எங்கள் விறாந்தையில் அவற்றுக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் பொடி, கோல், தட்டு, பெட்டி. பொடி சின்னச் சதுரக் கட்டை, அது ஒன்று. பத்துப் பொடி நீளமான கோல் பத்து, பத்துக் கோல் அகலமான தட்டு நூறு, எல்லாவற்றிலும் பெரிய கனமான கட்டைதான் பெட்டி, அது ஆயிரம். பிளாஸ்ரிக் நல்ல பிளாஸ்ரிக். நான்கு வருடத்தில் ஒரு கோல்கூட முறியவில்லை. நூறு பொடியில் இப்போது 83 இருக்கிறது. மிச்சம் அலுமாரிக்குக் கீழேயும் முற்றத்து மணலுக்குள்ளும் போய்விட்டது. அதில் எனக்குக் கவலையில்லை.

என் கோபம் வேறு. இரண்டாவது மாதமே தொடங்கியது.

தரம் மூன்றில் படிக்கிற ஒரு பெடியன். மூன்று கோலும் நான்கு பொடியும் கொடுத்து மேசையில் அடுக்கச் சொன்னேன். பொடி நான்கையும் தன் இடது கைப்பக்கம் வைத்தான், கோல் மூன்றையும் வலது பக்கம் வைத்தான். "எத்தனை?" என்று கேட்டேன். "முப்பத்திநாலு." சரி. "கொப்பியில எழுதுங்கோ ராசா." 43 என்று எழுதினான். வாசிக்கச் சொன்னேன். தயங்காமல் "முப்பத்திநாலு" என்றான். நான் அழிறப்பரை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. மேசையைப் பார்த்தான், கொப்பியைப் பார்த்தான். பிறகு பென்சில் முனையால் பொடியைத் தொட்டு, "இஞ்ச நாலு", கோலைத் தொட்டு, "இஞ்ச மூண்டு. அப்பிடித்தானே ரீச்சர் கிடக்கு?" என்று கேட்டான்.

அவன் சொன்னது முழுக்கச் சரி. மேசையில் அப்படித்தான் கிடந்தது. பிழை அவனில் இல்லை. கோலை இடப்பக்கம் வைத்தாலும் வலப்பக்கம் வைத்தாலும், மடியில் வைத்தாலும் அது பத்துத்தான். எண்ணை எழுதும்போது அப்படியில்லை. 3 என்ற எழுத்துக்கு அது நிற்கிற இடம்தான் பெறுமானம். ஓரிடம் தள்ளி நின்றால் முப்பது மூன்றாகிவிடும். இடப்பெறுமானம் என்ற சொல்லை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். பெறுமானத்தை இந்தக் கட்டை அருமையாகக் காட்டுகிறது. இடத்தைக் காட்டவேயில்லை. பெட்டியின் மூடியில் பெரிய ஆங்கில எழுத்தில் இடப்பெறுமானம் தானாக விளங்கிவிடும் என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு எரிச்சல் வரும். அதை நம்பி வாங்கிக் கொடுத்துவிட்டு, பிள்ளை 43 என்று எழுதினால் பிள்ளைக்குக் குட்டுகிற தாய் தகப்பன் எத்தனை பேர்!

அடுத்தது பூச்சியம். இரண்டு தட்டும் ஐந்து பொடியும் வைத்தால் இருநூற்றைந்து என்று எல்லாப் பிள்ளையும் சொல்லும். எழுதச் சொன்னால் பாதிப்பேர் 25. சிலர் காதில் கேட்டபடி 2005. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. மேசையில் இரண்டு வகைச் சாமான்தான் கிடக்கிறது. இல்லாத கோலுக்காக அங்கே ஒரு வெறுமைகூட இல்லை. பள்ளிக்கூடத்தில் வைத்திருக்கிற, கம்பிகளில் மணி போடுகிற எண்சட்டத்தில் பாருங்கள், மணி இல்லாத கம்பி நட்டுக்கொண்டு நிற்கும். பிள்ளையின் கண் அந்த வெறுங்கம்பியைத் தாண்டித்தான் போகவேண்டும். 0 எழுத ஒரு காரணம் அங்கே கண்ணுக்கு முன்னால் நிற்கிறது.

எங்கள் வீட்டில் அப்புவின் காலத்து ஓலைக்கட்டு ஒன்று இருக்கிறது. அதில் எண்கள் பழைய தமிழ் எழுத்தில்தான். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனி எழுத்து. இருநூற்றைந்தை ௨௱௫ என்று எழுதுவார்கள். பூச்சியம் தேவையில்லை, நூறு என்பது எழுத்திலேயே நிற்கிறது. ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு விடிந்தது. தட்டு ௱, கோல் ௰. இந்தக் கட்டைப் பெட்டி பழைய தமிழ் எண் முறையைப் பிளாஸ்ரிக்கில் வார்த்தது மாதிரி. வாயால் சொல்கிற எண்ணுக்கு அச்சொட்டாகப் பொருந்தும். நாங்கள் இப்போது கொப்பியில் எழுதுகிற முறைக்கு அப்படியே பொருந்தாது. அந்த இடைவெளியைப் பிள்ளை தானாகத் தாண்டும் என்று விட்டுவிடக் கூடாது.

கட்டையைக் கொண்டுவந்த மனிதரையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். சோல்டன் டீன்ஸ், 1916இல் பிறந்த ஹங்கேரிக்காரர், இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் வேலை செய்தவர். அவர் பத்துப் பத்தாகக் கட்டுகிற பத்தடிமானத்தில் மட்டும் கட்டை செய்யவில்லை. மூன்று மூன்றாகக் கட்டுவது, நான்கு நான்காகக் கட்டுவது என்று பல அடிமானங்களில் செய்தார். எத்தனை எத்தனையாகக் கட்டினாலும் விதி ஒன்றுதான் என்பதைப் பிள்ளை தானே கையால் கண்டுபிடிக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். கடைக்கு வந்து சேர்ந்தது பத்து மட்டும்.

கழித்தலில் இன்னொரு சிக்கல். 52இலிருந்து 27 எடுக்கவேண்டும். இரண்டு பொடிதான் இருக்கிறது. ஒரு கோலைக் கொடுத்துவிட்டுப் பத்துப் பொடி எடுங்கோ என்றேன். சின்னவள் ஒருத்தி கோலை முறுக்கிப் பார்த்தாள். அது உடையாது. பெட்டிக்குள் போட்டுவிட்டுப் பத்துப் பொடி எண்ணி எடுத்தாள். எடுத்தபின், "இது வேற பத்தெல்லோ ரீச்சர்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் இரண்டாம் தரத்துக்குக் கட்டையோடு தொடங்குவதேயில்லை. விளக்குமாற்று ஈர்க்கை விரல் நீளத்துக்கு முறித்து, பத்துப் பத்தாக இறப்பர் வளையம் போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். கடன் வாங்கவேண்டிய இடத்தில் வளையத்தைக் கழற்றினால் அதே பத்து அவிழ்ந்து விழும். ஒரு மாதம் ஈர்க்கு, பிறகு கட்டை. மாற்றிக் கொடுப்பது விளங்காவிட்டால் நூறு ரூபாத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் பத்து ரூபாக் குற்றியாக மாற்றிவரச் சொல்வேன். கடைக்காரர் தருகிறது வேறு காசுதான், ஆனால் ஏமாற்றவில்லை என்பது பிள்ளைக்குத் தெரியும்.

இவ்வளவையும் சொன்னபிறகு ஆயிரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் நான் நீதியாக எழுதவில்லை.

தரம் நான்குப் பிள்ளை ஒன்று. பெட்டி என்கிற அந்தப் பெரிய சதுரமுகிக் கட்டையைக் கையில் கொடுத்து, இதில் எத்தனை பொடி என்று கேட்டேன். ஒரு முகத்தில் நூறு கோடிட்ட கட்டம். திருப்பித் திருப்பி ஆறு முகத்தையும் எண்ணிவிட்டு "அறுநூறு" என்றாள். நான் சரி பிழை சொல்லவில்லை. தட்டுகளை அவள் பக்கம் தள்ளினேன். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினாள். ஆறாவது தட்டோடு நிறுத்திவிட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாலு விரல் உயரம் குறைந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. பத்தாவதை வைத்ததும் உள்ளங்கையை இரண்டின் தலையிலும் படிய வைத்து இழுத்தாள். கை தடக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உள்ளுக்கையும் இருக்கு" என்றாள். மிக மெதுவாகச் சொன்னாள். ஈர்க்கால் அதைக் காட்ட முடியாது. காசால் முடியாது. எண்சட்டத்தில் ஆயிரமும் ஒரு மணி, ஒன்றும் ஒரு மணி. ஆயிரம் எவ்வளவு பெரிது என்று ஒரு பிள்ளையின் கைக்குத் தெரிந்தது அந்தப் பெட்டியால்தான்.

தொண்ணூறும் அப்படி. சொல்லுக்குள்ளேயே நூறு ஒலிக்கிறபடியால் தொண்ணூற்றாறு என்றால் 906 என்று எழுதுகிற பிள்ளை வருடத்துக்கு ஒன்றாவது வரும். ஒன்பது கோலைத் தட்டின்மேல் அடுக்கிக் காட்டுவேன். ஒரு கோல் அகலம் வெறுமையாகத் தெரியும். இன்னும் நூறு ஆகவில்லை என்று பிள்ளையே சொல்லிவிடும்.

இப்போது கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் மூன்று நிரல் கீறி, நூறு, பத்து, ஒன்று என்று தலைப்பெழுதி, அதன்மேல்தான் கட்டையை வைக்க விடுகிறேன். நிரலுக்குக் கீழே எழுத ஒரு கட்டம். வெறும் நிரலுக்குக் கீழே 0. 43 என்று எழுதிய பெடியன் அந்தத் தாளில் ஒரு கிழமைக்குள் சரிவந்தான். அந்தத் தாள் பெட்டிக்குள் வரவில்லை. வந்திருக்கவேண்டும். அவ்வளவு விலை வாங்குகிறவர்களுக்கு ஒரு தாள் அச்சடிப்பது பெரிய வேலையா?

ஆகவே மச்சாள், நான் சொன்னதை மாற்றவில்லை. வாங்காதேங்கோ. மூடியில் உள்ளதை நம்பிப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போகிறதென்றால் அந்தப் பெட்டி உங்களுக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. முதலில் ஈர்க்கு, பிறகு தாள், பிறகு என்ர பெட்டியைத் தருகிறேன், மூன்று மாதம் வைத்திருங்கோ. ஆயிரத்தை மட்டும் இங்கேயே வைத்து நான் காட்டுகிறேன். அவன் தட்டு அடுக்குகிறபோது நான் பக்கத்தில் இருக்கவேணும்.