ஆங்குலர் என்று சொல்லிக் காலாவதியானதை விற்கிறார்கள்: 22,000 ரூபாய் போயிற்று

ஊட்டியில் ஒரு மாடியில் நடக்கும் கணினிப் பயிற்சி மையம் இணையப் பக்கங்கள் உருவாக்கப் பயன்படும் ஆங்குலர் என்ற கூகுள் மென்பொருளைக் கற்றுத்தருவதாகச் சொல்லி என்னிடம் 22,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, 2021 முடிவோடு கூகுளே கைகழுவிவிட்ட அதன் பழைய வடிவத்தைச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருக்கிறது. பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று நண்பர்கள் தடுக்கிறார்கள், அதனால் போடவில்லை. குன்னூர், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளாவது உஷாராக இருங்கள்.

சேர்ந்த அன்று அம்மாவும் கோத்தகிரியிலிருந்து கூட வந்திருந்தார். பசுந்தேயிலை போட்டுச் சேர்த்த பணம் அவருடைய பையில்தான் இருந்தது. பயிற்சியாளர் திரையில் ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, "உங்கள் பெயர் என்னம்மா?" என்று கேட்டார். அம்மா சொல்லச் சொல்லத் தட்டினார். பெட்டியில் விழுந்த ஒவ்வோர் எழுத்தும் அந்த நொடியே கீழே 'வணக்கம்' என்பதற்குப் பக்கத்தில் பெரிதாக வந்து நின்றது. பட்டன் எதையும் அழுத்தவில்லை. "இதுதாம்மா ஆங்குலர், கூகுள் தயாரிப்பு. தம்பி படித்து முடித்தால் கோயம்புத்தூரில் உடனே வேலை" என்றார். அம்மா முகம் மலர்ந்து நோட்டுகளை எண்ணி வைத்தார். ரசீதில் 'ஆங்குலர் முழுப் பயிற்சி' என்று மட்டும் எழுதினார்கள், எந்தப் பதிப்பு என்று எழுதவில்லை. தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள்.

வகுப்பு என்பது பெரும்பாலும் பதிவு செய்த வீடியோதான். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் நேர்முகத் தேர்வுக்குப் போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. ஒரு கம்போனென்ட், அதாவது பக்கத்தின் ஒரு பகுதிக்கான நிரல், எழுதச் சொன்னார்கள். மையத்தில் படித்தபடி கன்ட்ரோலர், ஸ்கோப் என்ற உறுப்புகளை வைத்து எழுதிக் கொடுத்தேன். தேர்வாளர் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆங்குலர்ஜேஎஸ், பழைய ஆங்குலர். 2010-இல் வந்தது. 2016-இல் டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல் மொழியில் அடியோடு மாற்றி எழுதிவிட்டார்கள். இதை வைத்துக்கொண்டு புதியதில் ஒரு பக்கம்கூட ஓட்ட முடியாது" என்றார். நல்ல மனிதர், சிரிக்கவில்லை.

மையத்தில் போய்க் கேட்டால், "இரண்டும் ஒன்றுதான், பதிப்பு எண்தான் வேறு" என்றார்கள். பிறகு "சார் கோவை போயிருக்கிறார்". பிறகு "மழையில் நெட்வொர்க் இல்லை, கணக்கைப் பார்க்க முடியவில்லை". கடைசியாக வரவேற்பில் இருந்த பெண் கூசாமல் சொன்னார்: இன்னும் 9,000 ரூபாய் கட்டினால் புதிய ஆங்குலர் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களாம்! 22,000 ரூபாயை விழுங்கியவர்களுக்கு அதன்மேல் 9,000! இப்போது என் எண்ணிலிருந்து அழைத்தால் போனே எடுப்பதில்லை.

சேருவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் இவ்வளவுதான் வருகிறது. பதிப்பு எண் என்ன என்று கேளுங்கள். 1.2, 1.8 என்பதுபோல 'ஒன்று புள்ளி' என்று தொடங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். அந்த எண்ணை ரசீதில் எழுதி வாங்குங்கள். பாடத்தில் டைப்ஸ்கிரிப்ட் இல்லையென்றால் அது இன்றைய ஆங்குலர் இல்லை. ஆங்குலரானாலும் அதே வேலைக்குப் பயன்படும் ரியாக்டானாலும் அவற்றின் அதிகாரபூர்வத் தளங்களிலேயே பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் அதைத் திறந்து பாருங்கள். முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டவே கட்டாதீர்கள்.

22,000 ரூபாய்க்கான ரசீதோடு ஊட்டி நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கப்போகிறேன். இதே போல வேறு யாராவது பணம் கட்டியிருந்தால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே கொடுப்போம்.