ஃபெர்மி காமா கதிர் தரவு: காசு வேண்டாம், படத்துக்கு மட்டும் ஆசைப்படாதீர்கள்

எம்82 கேலக்ஸியின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். சுருட்டு மாதிரி நீளமாக இருக்கும், நடுவிலிருந்து மேலேயும் கீழேயும் சிவப்பாக வாயு பீறிட்டுக் கிளம்பும். அதே கேலக்ஸி காமா கதிரில், அதாவது கண்ணுக்குத் தெரியாத, ஆற்றல் மிக அதிகமான ஒளியில், எப்படித் தெரியும் என்று ஓர் ஆசை வந்து, பூமியைச் சுற்றிவரும் நாசாவின் ஃபெர்மி தொலைநோக்கித் தரவைத் தரும் இணைய சேவைக்குள் போய் விழுந்தேன். மூன்று வாரம் போனது தெரியவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்யத் தேவையில்லை, கட்டணம் இல்லை, நீங்கள் யார் என்று யாரும் கேட்பதில்லை. கேலக்ஸியின் பெயர், அதைச் சுற்றி எத்தனை டிகிரி வரை, எந்தக் காலம், எந்த ஆற்றல் வரை, இவ்வளவுதான் படிவம். 2008 ஆகஸ்ட்டிலிருந்து வந்து விழுந்த ஒவ்வொரு ஃபோட்டானும் (ஒளித்துகள்) எப்போது, எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு ஆற்றலோடு வந்தது என்ற கணக்கு கைக்கு வந்துவிடும். ஆராய்ச்சியாளர்கள் கட்டுரை எழுதுவதும் இதே தரவை வைத்துத்தான்.

தரவைப் பதிவிறக்கும்போது விண்கலம் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் பார்த்தது என்று சொல்லும் கோப்பும் கூடவே வரும். பெரிய கோப்பு. என் வீட்டு இணையம் இரண்டு தடவை பாதியில் அறுந்ததில் எரிச்சலாகி, இது எதற்கு என்று விட்டுவிட்டேன். தப்பு என்னுடையதுதான், அது இல்லாமல் கணக்கு ஓர் அடி நகராது.

அப்புறம் மென்பொருள். ஃபெர்மிடூல்ஸ் என்று பெயர், இதுவும் இலவசம், ஆனால் கறுப்புத் திரையில் கட்டளை தட்டிப் பழகியவர்களுக்குத்தான். விண்டோஸில் நேரடியாக ஓடாது, லினக்ஸோ மேக்கோ வேண்டும். பல வருடத் தரவுக்கு, வானத்தின் எந்தப் பகுதியை எவ்வளவு நேரம் பார்த்தது என்று கூட்டிப் போடும் படி ஒன்று இருக்கிறது. அதை இரவு ஓட விட்டுத் தூங்கப் போனேன், காலையில் காபி குடித்த பிறகும் ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் வந்த படம்? ஒரு மங்கலான திட்டு. 100 கோடி எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இந்தக் கருவியின் பார்வை ஏறக்குறைய 0.8 டிகிரிக்குக் கலங்கிவிடும், எம்82-வோ அரை டிகிரி கூட அகலமில்லை. பக்கத்து வீட்டு எம்81 கேலக்ஸியே அதிலிருந்து 0.6 டிகிரி தூரத்தில்தான் இருக்கிறது, அதுவே இந்தக் கலக்கத்துக்குள் அடங்கிவிடும். அப்படியிருக்க, பீறிடும் வாயுவிலிருந்து கதிர் வருகிறதா, நடுவிலிருந்து வருகிறதா என்றெல்லாம் இதை வைத்துப் பிரிக்க முடியாது. கிடைப்பது ஓர் எண்: இந்த இடத்தில் ஒரு மூலம் இருப்பதாக வைத்தால் தரவு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பது. 25-ஐத் தாண்டினால் நம்பலாம் என்பது வழக்கம். எனக்குத் தாண்டியது, வீட்டில் யாருக்கும் அந்த மகிழ்ச்சி புரியவில்லை.

ஆனால் எனக்கு உண்மையில் பிடித்தது கழிக்கும் வேலை. எம்82-வில் வெடித்துச் சாகும் நட்சத்திரங்கள் புரோட்டான்களை விரட்டுகின்றன, அவை வாயுவில் மோதி, பயான் என்ற அற்ப ஆயுள் துகள் உண்டாகி, அது சிதைந்து காமா கதிர் வருகிறது. சரி, அதைப் பார்க்க எதையெல்லாம் கழிக்க வேண்டும்? பூமியின் காற்றில் காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து அதிவேகமாக வரும் துகள்கள்) மோதி வரும் காமா கதிரை முதலில் வெட்ட வேண்டும், விண்கலத்தின் தலைக்கு நேர் மேலே உள்ள உச்சியிலிருந்து 90 டிகிரிக்கு அப்பால் வருவதைத் தூக்கி எறியச் சொல்வது அதற்குத்தான். அடுத்து நம் பால்வீதியின் வாயுவில் மோதி வருவது. ஏறக்குறைய 1.2 கோடி ஒளியாண்டு தள்ளி நடப்பதைத் தேடிப்போனால், வாசலிலும் தெருவிலும் அதே கதைதான் பெரும் சத்தமாக நடந்துகொண்டிருக்கிறது.

அரிசோனாவில் தரையிலிருந்தே காமா கதிரைத் தேடும் வெரிடாஸ் தொலைநோக்கிகள் இதே எம்82-வை 137 மணி நேரம் பார்த்துச் சேர்த்தது 91 ஃபோட்டான்தான், 2009-இல் வெளியான முடிவு அது. அதனால் என் திட்டைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஐந்துக்கு நான்கு தருவேன். அரைகுறைப் பொறுமைக்காரர்கள் அரை மதிப்பெண் குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்த திட்டமும் இருக்கிறது. நடுவிலுள்ள கருந்துளை, ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வாயுவை வீசும் 11 கேலக்ஸிகளை ஃபெர்மி குழு 2021-இல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தது. தனித்தனியாக ஒன்றும் தெரியாதவை, சேர்த்துப் பார்த்தபோது 5.1 சிக்மா வந்தது, அதாவது தற்செயல் என்று தள்ளிவிட முடியாத அளவு. அதைச் செய்து பார்க்க அந்த இரவு முழுக்க ஓடும் கணக்கைப் பதினோரு தடவை ஓட்ட வேண்டும். என் மடிக்கணினி தாங்காது. நண்பனுடையதைக் கேட்டிருக்கிறேன், எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.